நீலக்குறிஞ்சிதானா இது? கம்ப்யூட்டரில் கண்டுபிடிக்கலாம் வாங்க!

எங்கள் தெருவில் ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவர் இருக்கிறார். பிள்ளைகள் வாங்கிக் கொடுத்த புது லேப்டாப் வந்து மூன்று மாதம்தான் ஆகிறது. கொடைக்கானல் போய்விட்டு வந்த மறுநாள் காலையிலேயே லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு என் வீட்டுக்கு வந்துவிட்டார்.

"தம்பி, நீலக்குறிஞ்சியைப் பார்த்துட்டேன். நான் சொல்லலை, கம்ப்யூட்டரே சொல்லுது பாருங்க!"

திரையில் அழகான நீல மணிப்பூக்கள். பக்கத்தில் கூகுள் லென்ஸ் காட்டிய விடை. நீலக்குறிஞ்சி என்றுதான் இருந்தது. அவருடைய வாட்ஸ்அப் குழுவில் இருநூறு பேர். படத்தையும், பூத்திருந்த மலைச்சரிவுக்கு வழிகாட்டும் மேப்பையும் சேர்த்து அனுப்பத் தயாராக இருந்தார். "சார், அரை மணி நேரம் பொறுங்க" என்று கேட்டுக்கொண்டேன். அந்த அரை மணி நேரம் மூன்று மணி நேரமாக நீண்டது. அன்று நாங்கள் செய்ததைத்தான் இங்கே எழுதுகிறேன். காட்டுப் பூ ஒன்றைப் படம் எடுத்து வந்து அது எது, அபூர்வமானதா என்று தெரிந்துகொள்ள விரும்பும் எவரும் இதே வழியில் போகலாம். இன்டர்நெட் இணைப்பும் கொஞ்சம் பொறுமையும் போதும்.

முதலில் காலண்டரைப் பாருங்கள்

கம்ப்யூட்டரைத் தொடுவதற்கு முன்பே எனக்கு ஒரு சந்தேகம். நீலக்குறிஞ்சி பன்னிரண்டு ஆண்டுகளுக்கு ஒரு முறை கூட்டமாகப் பூக்கும் செடி. பூத்து, விதை விட்டு, அப்படியே பட்டுப்போகும். அந்த விதையிலிருந்து முளைப்பவை அடுத்த பன்னிரண்டு ஆண்டுகள் பச்சையாகவே நிற்கும். 1982, 1994, 2006, 2018 ஆகியவை கொடைக்கானல், மூணாறு பக்கம் பெரிய அளவில் பூத்த ஆண்டுகள். அடுத்தது 2030. மலைவாழ் மக்கள் குறிஞ்சி பூத்ததை வைத்தே தங்கள் வயதைக் கணக்கிட்டார்கள் என்று சொல்வதுண்டு.

இடைப்பட்ட ஆண்டுகளில் பூக்கவே பூக்காதா? பூக்கும். கணக்குத் தப்பி அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சில செடிகள் பூப்பதுண்டு. ஒரு மலையின் கணக்கு இன்னொரு மலைக்குப் பொருந்தாமலும் போகலாம். 2022 அக்டோபரில் இடுக்கி மாவட்டம் சாந்தன்பாறை அருகே கள்ளிப்பாறை மலையில் குறிஞ்சி பூத்த செய்தி எல்லாப் பத்திரிகைகளிலும் வந்தது. எனவே "இது 2030 இல்லையே, குறிஞ்சியாக இருக்க முடியாது" என்று தள்ளிவிடவும் கூடாது. சந்தேகப்பட ஒரு காரணம் கிடைத்திருக்கிறது, அவ்வளவுதான்.

இன்னொரு காரணமும் உண்டு. குறிஞ்சிக்குப் பங்காளிகள் அதிகம். இதன் பேரினத்தின் பெயர் ஸ்ட்ரோபிலாந்தஸ். இந்தப் பேரினத்தில் உலகம் முழுவதும் முந்நூறுக்கும் மேற்பட்ட சிற்றினங்கள் இருக்கின்றன. இந்தியாவில் மட்டுமே நூற்றுக்கும் மேல். நீலமும் ஊதாவுமாகப் பூப்பவை அவற்றில் பல. மகாராஷ்டிராவின் மலைகளில் எட்டு ஆண்டுகளுக்கு ஒரு முறை பூக்கும் கார்வியும் இந்தக் குடும்பம்தான். கேரளத்தில் மேட்டுக்குறிஞ்சி என்று சொல்லப்படுவது ஏழு ஆண்டுக் கணக்கு. பங்காளி பூத்தாலும் பத்திரிகையில் "நீலக்குறிஞ்சி பூத்தது" என்றே தலைப்பு வந்துவிடுகிறது.

படத்தைக் கம்ப்யூட்டருக்குக் கொண்டு வருதல்

ஆசிரியர் தன் போனிலிருந்து லேப்டாப்புக்குப் படங்களை வாட்ஸ்அப் வழியாகவே அனுப்பியிருந்தார். புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்களில் பெரும்பாலோர் செய்வது இதுதான். இதில் இரண்டு நஷ்டம். படத்தின் அளவு சுருங்கிவிடும், இலையின் ஓரத்துப் பற்கள், தண்டின் மயிர் போன்ற நுணுக்கங்கள் மங்கிவிடும். அடுத்து, படத்தோடு ஒட்டியிருக்கும் தேதி, இடம் போன்ற குறிப்புகள் உதிர்ந்துவிடும். ஆகவே யுஎஸ்பி கேபிளைப் போட்டு இணைத்து, பைல் எக்ஸ்புளோரரில் போனின் டிசிஐஎம் என்ற போல்டரைத் திறந்து, படங்களை அப்படியே காப்பி செய்திடுங்கள். கேபிள் இல்லையென்றால் வாட்ஸ்அப்பில் டாகுமெண்ட் என்ற பிரிவின் வழியாக அனுப்புங்கள். அப்படி அனுப்பினால் பைல் மாறாமல் வரும்.

ஹார்ட் டிஸ்கில் தனியாக ஒரு போல்டர் போட்டுக்கொள்வது நல்லது. பெயரை ஆண்டு, மாதம், தேதி, ஊர் என்ற வரிசையில் கொடுங்கள். பின்னால் தேடும்போது போல்டர்கள் தாமாகவே காலவரிசையில் நிற்கும். "பூ", "புதுப் பூ", "புதுப் பூ 2" என்று பெயர் வைத்தவர்கள் படும் பாட்டை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

இப்போது ஒரு படத்தின் மீது ரைட் கிளிக் செய்து, கிடைக்கும் மெனுவில் பிராப்பர்ட்டீஸ் என்பதைத் தேர்ந்தெடுங்கள். வரும் சிறிய விண்டோவில் டீடெயில்ஸ் என்ற டேபை அழுத்திக் கீழே இறங்குங்கள். படம் எடுத்த தேதி, நேரம், கேமராவின் பெயர் எல்லாம் இருக்கும். இன்னும் கீழே போனால் ஜிபிஎஸ் என்ற தலைப்பு. அதில் லாட்டிட்யூட், லாங்கிட்யூட் என்று எண்கள். ஆசிரியர் மீண்டும் கேபிள் வழியே எடுத்த படத்தில் 10 பாகை 14 கலை, 77 பாகை 29 கலை என்று ஆரம்பித்து விகலை வரை துல்லியமாக இருந்தது. அவருக்கு ஆச்சரியம். "நான் எழுதவே இல்லையே தம்பி!" என்றார். போனில் லொக்கேஷன் ஆன் செய்து, கேமராவுக்கும் அனுமதி தந்திருந்தால் போனே எழுதிவிடும். இந்த எண்களை அப்படியே மேப்பில் போட்டால் எந்த ஆளும் அந்தச் செடிக்குப் பத்தடி பக்கத்தில் போய் நிற்கலாம். இதை மறக்காமல் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பிறகு திரும்ப வருவோம்.

லென்ஸ் சொன்னால் போதுமா?

கூகுள் தளத்தின் தேடல் கட்டத்தில் சிறிய கேமரா படம் ஒன்று இருக்கும். அதில் கிளிக் செய்து, உங்கள் படத்தை மவுஸால் இழுத்துப் போட்டால் லென்ஸ் வேலை செய்யத் தொடங்கும். செம்பருத்தி, நித்தியகல்யாணி, ஆவாரம்பூ போன்றவற்றுக்கு இது சட்டென்று சரியான விடை தரும். அபூர்வப் பூவென்றால்தான் தடுமாறும்.

காரணம் எளிது. இணையத்தில் ஏற்கெனவே இருக்கும் கோடிக்கணக்கான படங்களில் உங்கள் படத்தோடு ஒத்திருப்பதைத்தான் லென்ஸ் தேடுகிறது. நீலக்குறிஞ்சிக்கு ஆயிரக்கணக்கான படங்கள் உண்டு, சுற்றுலா விளம்பரம் முதல் செய்தி வரை. அதன் பங்காளிகளில் பலவற்றுக்குப் பத்துப் படம்கூடத் தேறாது. எதைக் காட்டினாலும் கூட்டம் அதிகம் உள்ள பக்கம்தான் அது சாயும். போதாக்குறைக்கு, குறிஞ்சி என்ற பெயரில் நிறம் கூட்டப்பட்ட படங்களும் உலவுகின்றன. மலை முழுவதும் ஊதாச் சாயம் கொட்டியது போன்ற படங்களை நீங்களும் பார்த்திருப்பீர்கள்.

எனவே லென்ஸ் தரும் பெயரைத் துப்பாக மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். இந்தக் குடும்பம், இந்தப் பேரினம் என்ற அளவில் அது பெரும்பாலும் சரியாக இருக்கும். சிற்றினத்துக்கு மனிதர்களைத்தான் கேட்க வேண்டும்.

ஐநேச்சுரலிஸ்ட் தளத்தில் கேளுங்கள்

இப்படிக் கேட்பதற்கென்றே இருக்கும் தளம் ஐநேச்சுரலிஸ்ட். 2008ல் அமெரிக்காவில் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தில் மாணவர்கள் மூவர் செய்த படிப்புத் திட்டமாகத் தொடங்கியது. இன்று உலகம் முழுவதும் தாவரவியல் அறிந்தவர்கள் இங்கே வந்து மற்றவர்களின் படங்களைப் பார்த்துப் பெயர் சொல்கிறார்கள். கட்டணம் கிடையாது. நம் நாட்டு உயிரினங்களுக்கென்றே இந்தியா பயோடைவர்சிட்டி போர்ட்டல் என்ற தளமும் இருக்கிறது. இரண்டில் எதையும் பயன்படுத்தலாம். நாங்கள் அன்று பயன்படுத்தியது முதலாவது.

இமெயில் முகவரியைக் கொடுத்து ஒரு கணக்கு தொடங்குங்கள். உங்கள் முழுப் பெயரைத் தர வேண்டியதில்லை, புனைபெயர் போதும். உள்ளே நுழைந்ததும் மேலே அப்லோட் என்ற பட்டன் இருக்கும். அதை அழுத்தினால் கிடைக்கும் பக்கத்தில் படங்களை இழுத்து விடுங்கள். ஒரே செடியின் படங்கள் என்றால் அவற்றை ஒன்றின் மேல் ஒன்றாக இழுத்துப் போட்டு ஒரே பதிவாக்கிவிட வேண்டும். இதைச் செய்யாமல் ஐந்து படத்துக்கு ஐந்து பதிவு போடுகிறவர்கள் அதிகம். பார்ப்பவருக்கு இலை ஒரு பக்கமும் பூ ஒரு பக்கமுமாகச் சிதறிக் கிடக்கும்.

தேதியும் இடமும் படத்திலிருந்தே தானாக நிரம்பிவிடும். என்ன பார்த்தீர்கள் என்று கேட்கும் கட்டத்தில் கிளிக் செய்தால் தளமே சில பெயர்களைப் பரிந்துரைக்கும். உறுதியில்லை என்றால் சிற்றினத்தைத் தேர்ந்தெடுக்காதீர்கள். பேரினத்தோடு நிறுத்துங்கள். "தாவரம்" என்று மட்டும் கொடுத்தாலும் தப்பில்லை. நீங்கள் பார்த்தது தோட்டத்தில் நட்டு வளர்த்த செடி என்றால் அதற்கென உள்ள கட்டத்தில் டிக் செய்ய மறக்க வேண்டாம். மலை ஊர்களின் விடுதிகளிலும் பூங்காக்களிலும் வெளிநாட்டு நீலப் பூக்கள் நிறைய உண்டு.

பதிவு போட்ட பிறகு காத்திருக்க வேண்டும். ஒருவர் பெயர் சொல்வார், இன்னொருவர் ஒத்துக்கொள்வார் அல்லது மறுப்பார். குறைந்தது இரண்டு பேர் கருத்துச் சொல்லி, சொன்னவர்களில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் ஒரே சிற்றினத்தில் ஒத்துப்போனால்தான் அந்தப் பதிவு ஆய்வுத் தரம் பெறும். அதற்கு முன் அங்கே தெரியும் பெயரை முடிவான பெயராக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

ஆசிரியரின் பதிவுக்கு இரண்டு நாளில் முதல் பதில் வந்தது. பேரினம் ஸ்ட்ரோபிலாந்தஸ், சரி. அதோடு ஒரு கேள்வியும் வந்தது. இலையின் அடிப்பக்கப் படம் இருக்கிறதா? பூக்கதிரைப் பக்கவாட்டில் எடுத்த படம் இருக்கிறதா?

இல்லை. மொத்தம் இருபத்து மூன்று படங்கள். அவற்றில் பத்தொன்பதில் சாரின் குடும்பத்தார் பூவை மறைத்துக்கொண்டு நிற்கிறார்கள். மீதி நான்கிலும் பூவின் முகம் மட்டும்தான். பேத்தியின் தோளுக்குப் பின்னால் ஓர் இலை தெரிந்தது. பெரிதாக்கிப் பார்த்தால் பச்சைக் கட்டங்களாக உடைந்துவிட்டது.

எதையெல்லாம் படம் எடுக்க வேண்டும்?

நம் எல்லோருக்கும் பூவின் முகம்தான் அழகு. அடையாளம் காண்பவருக்கோ பூ ஒரு பங்குதான். ஆகவே அடுத்த முறை மலைக்குப் போகும்போது முதலில் முழுச் செடியையும் அது நிற்கும் இடத்தோடு ஒரு படம் எடுங்கள். புல்வெளியா, சோலைக்காட்டின் ஓரமா, சாலையோரமா என்பது தெரிய வேண்டும். நீலக்குறிஞ்சி உயர்ந்த மலைகளின் புல்வெளிச் சரிவில் கூட்டமாக நிற்கும் புதர். கடல் மட்டத்திலிருந்து 1,340 மீட்டர் முதல் 2,600 மீட்டர் வரை வளர்கிறது. திறந்த வெளியில் முழங்கால் உயரம்தான் இருக்கும். காற்று மறைவான இடமென்றால் ஆள் உயரமும் போகும். மலையடிவாரத்தில் பார்த்த நீலப் பூ குறிஞ்சியாக இருக்க வாய்ப்பில்லை என்பது இந்த ஒரு விவரத்திலேயே தெரிந்துவிடும்.

பிறகு இலை. மேல்பக்கம் ஒன்று, கையால் மெல்லத் திருப்பி அடிப்பக்கம் ஒன்று. இலைகள் தண்டில் நேருக்கு நேராக நிற்கின்றனவா, மாறி மாறி நிற்கின்றனவா என்பது தெரிய ஒரு படம். ஸ்ட்ரோபிலாந்தஸ் குடும்பத்தில் இலைகள் நேரெதிராக இருக்கும். குறிஞ்சியின் இலை தடித்தது, ஓரத்தில் ரம்பப் பல் உண்டு. அப்புறம் பூக்கதிர் பக்கவாட்டில். பூவின் அடியில் செதில் போல் உள்ள சிற்றிலைகளின் வடிவம்தான் பங்காளிகளைப் பிரிக்கப் பெரிதும் உதவுகிறது. கடைசியாகப் பூவின் உள்ளே, மகரந்தத் தாள்கள் தெரியும்படி ஒன்று. புதிதாக விரிந்த பூ வெளிர்நீலமாகவும் நாளானது ஊதா கலந்தும் இருக்கும் என்பதால், நிறத்தை மட்டும் நம்பி எதையும் முடிவு செய்ய முடியாது. அளவு தெரிய பக்கத்தில் ஒரு ரூபாய் நாணயத்தை வைத்து எடுக்கலாம். இவற்றில் எதற்கும் செடியிலிருந்து ஒரு காம்பைக்கூடக் கிள்ள வேண்டியதில்லை. கிள்ளவும் கூடாது, அது ஏன் என்பது கீழே வருகிறது.

சிவப்புப் பட்டியலில் தேடுவது எப்படி?

பெயர் உறுதியானால்தான் அடுத்த கேள்விக்குப் போக முடியும். இந்தச் செடி எந்த நிலையில் இருக்கிறது? ஆசிரியரின் பூ இன்னும் பேரினத்தோடு நிற்பதால், நீலக்குறிஞ்சியையே எடுத்துக்கொண்டு தேடிப் பார்த்தோம்.

இதற்கு உலக அளவில் உள்ள ஏடு, உலக இயற்கைப் பாதுகாப்புச் சங்கம் 1964 முதல் நடத்தி வரும் சிவப்புப் பட்டியல். சங்கத்தின் ஆங்கிலச் சுருக்கம் ஐ, யு, சி, என். இந்த நான்கு எழுத்துக்களோடு ரெட்லிஸ்ட் என்ற சொல்லையும் ஆங்கிலத்தில் இடைவெளி இல்லாமல் சேர்த்து டைப் செய்து, டாட் ஓ, ஆர், ஜி கொடுத்தால் தளம் கிடைக்கும். மேலே உள்ள தேடல் கட்டத்தில் பூவின் அறிவியல் பெயரை ஆங்கில எழுத்தில் டைப் செய்ய வேண்டும். எழுத்துக்கூட்டிக் குறித்துக்கொள்ளுங்கள்: எஸ், டி, ஆர், ஓ, பி, ஐ, எல், ஏ, என், டி, எச், இ, எஸ். இடைவெளி விட்டு, கே, யு, என், டி, எச், ஐ, ஏ, என், ஏ.

இங்கே ஒரு சிக்கல். பல பழைய பக்கங்களிலும் புத்தகங்களிலும் கடைசி எழுத்தான ஏ இருக்குமிடத்தில் யு, எஸ் என்று முடியும். இன்னும் பழையவற்றில் பேரினத்தின் பெயரே வேறு, ப்ளெபோபில்லம் என்று இருக்கும். அறிவியல் பெயர்களும் மாறுகின்றன. ஒரு பெயரில் தேடி "ஒன்றும் கிடைக்கவில்லை" என்று வந்தால் அத்தோடு விட்டுவிடாதீர்கள். இங்கிலாந்தின் கியூ தாவரவியல் பூங்கா நடத்தும் பிளான்ட்ஸ் ஆப் தி வேர்ல்டு ஆன்லைன் தளத்தில் பழைய பெயரைப் போட்டால், இன்று ஏற்கப்பட்ட பெயர் எது என்று காட்டும். அதைக் காப்பி செய்து கொண்டுவந்து சிவப்புப் பட்டியலில் பேஸ்ட் செய்யுங்கள்.

நீலக்குறிஞ்சிக்குக் கிடைக்கும் விடை வல்னரபிள். அழிவுக்கு ஆளாகக்கூடியது என்று பொருள். பட்டியலில் அழிந்துவிட்டவை முதல் கவலை வேண்டாதவை வரை படிகள் இருக்கின்றன. அழிவின் விளிம்பில், அழியும் நிலையில், அழிவுக்கு ஆளாகக்கூடியவை ஆகிய மூன்றும் சேர்ந்துதான் அச்சுறுத்தலுக்குள்ளானவை என்று எண்ணப்படுகின்றன. குறிஞ்சி அதில் மூன்றாம் படி.

பக்கத்தில் வகையைப் பார்த்ததோடு மூடிவிடாமல், மதிப்பீடு செய்த ஆண்டையும் பாருங்கள். நீலக்குறிஞ்சி உலக அளவில் முதன்முதலாக மதிப்பிடப்பட்டதே 2024ல்தான். அதற்கு முன் எழுதப்பட்ட எத்தனையோ பக்கங்களில் ஆளுக்கொரு நிலை எழுதியிருப்பார்கள். தேடினால் முதலில் வருபவையும் அவைதான். ஒரு பக்கம் எப்போது எழுதப்பட்டது என்று பார்க்கும் பழக்கம் இதற்கு மட்டுமல்ல, மருந்து, வரி, ரயில் நேரம் என்று எல்லாவற்றுக்கும் உதவும்.

வகைக்குப் பக்கத்தில் ஏ2சி என்று புரியாத ஒரு குறியீடு இருக்கும். புரியாததுபோல் தோன்றினாலும் முழுக்கதையும் அதில்தான் இருக்கிறது. ஏ என்றால் எண்ணிக்கை குறைந்திருப்பது. 2 என்றால் குறைவு ஏற்கெனவே நடந்துவிட்டது, அதன் காரணம் இன்னும் நீங்காமலோ சரிசெய்ய முடியாமலோ இருக்கலாம். சி என்றால் வாழிடத்தின் பரப்பும் தரமும் குறைந்ததை வைத்துக் கணக்கிட்டது. இந்த வகையில் சேர, பத்து ஆண்டு அல்லது மூன்று தலைமுறை, இரண்டில் எது அதிகமோ அந்தக் காலத்தில் குறைந்தது 30 சதவீதம் குறைந்திருக்க வேண்டும். குறிஞ்சிக்கு ஒரு தலைமுறை பன்னிரண்டு ஆண்டு என்றால் மூன்று தலைமுறை 36 ஆண்டு. இந்தச் செடி சுமார் 40 சதவீதம் குறைந்துவிட்டதாக மதிப்பிட்டிருக்கிறார்கள். மிஞ்சியிருப்பவை 34 கூட்டங்கள். 33 மேற்குத் தொடர்ச்சி மலையிலும் ஒன்று நம் சேர்வராயன் மலையில் ஏற்காட்டிலும் உள்ளன. அதிகம் இருப்பது நீலகிரியில்.

குறைந்ததற்குக் காரணம் தேடி வெகு தூரம் போக வேண்டாம். புல்வெளி இருந்த இடத்தில் தேயிலை வந்தது. யூகலிப்டஸும் வாட்டில் மரமும் வந்தன. சாலையும் விடுதியும் வந்தன. பன்னிரண்டு ஆண்டுகள் பூக்காமல் வெறும் புதராக நிற்கும் செடியை, அதன் அருமை தெரியாமல் வெட்டிவிடுவது சுலபம்.

பட்டியலில் இல்லை என்றால் பத்திரமா?

இதைத்தான் புதியவர்கள் அதிகம் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள். தேடிய பூ பட்டியலில் கிடைக்கவில்லை என்றால் அது நன்றாக இருக்கிறது என்று பொருளல்ல. இன்னும் யாரும் மதிப்பிடவில்லை என்றே பொருள். நீலக்குறிஞ்சியே 2023 வரை அப்படித்தான் இருந்தது. மேலும் போதிய விவரம் இல்லை என்று ஒரு வகை உண்டு. அதுவும் நல்ல செய்தியல்ல, ஆராய்ந்தும் முடிவுக்கு வர முடியவில்லை என்பதே அது. லீஸ்ட் கன்சர்ன் என்று தெளிவாக எழுதியிருந்தால் மட்டுமே தற்போதைக்குக் கவலை இல்லை.

இன்னொன்று, சிவப்புப் பட்டியல் சட்டம் அல்ல. சட்டம் தனி. இந்தியாவில் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் வெகுகாலம் ஆறு தாவரங்களுக்குத்தான் பாதுகாப்பு இருந்தது. 2022ல் செய்த திருத்தத்துக்குப் பிறகு மூன்றாம் அட்டவணையில் பட்டியல் நீண்டது. அதில் நீலக்குறிஞ்சியும் இடம்பெற்றது. இந்தத் திருத்தம் 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ளது. அதன்படி காட்டிலிருந்து இச்செடியைப் பறிப்பதும் பிடுங்குவதும் குற்றம். மூன்று ஆண்டு வரை சிறைத் தண்டனைக்கு இடமுண்டு. "ஞாபகத்துக்கு ஒரு கொத்து" என்று பறித்துக் கூந்தலில் வைத்துக்கொண்டு போட்டோவும் எடுத்து பேஸ்புக்கில் போடுகிறவர்கள், தங்களுக்கு எதிரான சாட்சியைத் தாங்களே அப்லோட் செய்கிறார்கள்!

இடத்தை மறைப்பது எப்படி?

இப்போது அந்த ஜிபிஎஸ் எண்களுக்கு வருவோம். கள்ளிப்பாறை மலையில் 2022ல் பூத்தபோது செய்தியும் படமும் பரவிய சில நாட்களில் பெருங்கூட்டம் கூடியது. செடிகளை மிதித்தார்கள், பறித்தார்கள், பிளாஸ்டிக்கைக் கொட்டிவிட்டு வந்தார்கள். விதை விழுந்தால்தான் அடுத்த தலைமுறை என்ற செடிக்குப் பூத்த பருவத்தில் மிதிபடுவதை விடப் பெரிய ஆபத்து இல்லை. இரவிகுளம் தேசியப் பூங்கா போல டிக்கெட்டும் பாதையும் காவலும் உள்ள இடமென்றால் கூட்டத்தைக் கட்டுப்படுத்தலாம். ஒதுக்குப்புறமான சரிவுக்கு யார் காவல்?

ஐநேச்சுரலிஸ்டில் பதிவிடும்போது ஜியோபிரைவசி என்று ஒரு மெனு இருக்கும். அதில் அப்ஸ்க்யூர்டு என்பதைத் தேர்ந்தெடுத்தால், சரியான புள்ளிக்குப் பதிலாகப் பக்கத்துக்கு ஏறத்தாழ 22 கிலோமீட்டர் உள்ள ஒரு பெரிய கட்டத்துக்குள் எங்கோ ஒரு புள்ளியை வைத்து மற்றவர்களுக்குக் காட்டும். அச்சுறுத்தலுக்குள்ளானவை என்று தளத்தில் குறிக்கப்பட்ட இனங்களுக்கு இது தானாகவே நடக்கும். ஆனால் உங்கள் பதிவு தவறான பெயரிலோ பேரினத்தோடோ நின்றால் தானாக நடக்காது. ஆசிரியரின் பதிவு அப்படிப்பட்டதுதான். ஆகவே நாங்களே தேர்ந்தெடுத்தோம்.

மெயிலில் இணைத்தோ டாகுமெண்டாகவோ அனுப்பும் படத்தில் எண்கள் அப்படியே போகும். அனுப்பும் முன் அழிக்க, பழையபடி ரைட் கிளிக், பிராப்பர்ட்டீஸ், டீடெயில்ஸ் செல்லுங்கள். அடியில் ரிமூவ் பிராப்பர்ட்டீஸ் என்று தொடங்கும் ஒரு வரி இருக்கும். அதில் கிளிக் செய்தால் கிடைக்கும் விண்டோவில், விவரங்கள் நீக்கப்பட்ட ஒரு காப்பியை உருவாக்கு என்ற முதல் வாய்ப்பையே தேர்ந்தெடுங்கள். மூலப் படத்திலிருந்து நீக்கிவிடாதீர்கள். தேதியும் இடமும் உள்ள மூலம்தான் நாளைக்கு ஆய்வு செய்பவருக்குப் பயன்படும். அதை உங்கள் கம்ப்யூட்டரில் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். வீட்டில் குழந்தைகள் படத்தை வெளியே அனுப்பும்போதும் இதே வழி கைகொடுக்கும்.

ஆசிரியர் குழுவுக்குப் படத்தை அனுப்பினார். "குறிஞ்சியின் பங்காளி ஒருவர்" என்று எழுதினார். மேப் அனுப்பவில்லை. எந்த ஊர், எந்த மலை என்று பதினேழு பேர் கேட்டார்களாம். "கொடைக்கானல் பக்கம்" என்பதோடு நிறுத்திக்கொண்டார். கொடைக்கானலில் உள்ள தன் பழைய மாணவர் ஒருவரிடம் இலையின் அடிப்பக்கம், கதிரின் பக்கவாட்டு என்று படங்கள் கேட்டிருக்கிறார். வந்ததும் அதே பதிவில் சேர்ப்போம்.

உங்கள் வீட்டு சிடி

கடைசியாக ஒரு வேலை. 2006ல் குறிஞ்சி பூத்தபோதுதான் நம் வீடுகளில் டிஜிட்டல் கேமரா பரவத் தொடங்கியிருந்தது. அப்போது போனவர்கள் படங்களை ஸ்டுடியோவில் கொடுத்து சிடியில் பதிந்து வாங்கி அலமாரியில் வைத்திருப்பார்கள். எந்தச் சரிவில் அன்று குறிஞ்சி நின்றது என்பதற்கு அந்த சிடிக்களும் ஆதாரம். இன்று அங்கே தேயிலை நிற்கலாம். வீட்டில் பதிந்த சிடிக்கள் வெயிலிலும் ஈரத்திலும் கெடுகின்றன. இன்றைய லேப்டாப்களில் சிடி டிரைவ் இருப்பதே அரிது. யுஎஸ்பியில் இணைக்கும் வெளி டிவிடி டிரைவ் ஒன்றை வாங்கியோ இரவல் பெற்றோ, படங்களை ஹார்ட் டிஸ்குக்கு மாற்றி, இன்னொரு காப்பியை வேறொரு டிரைவில் வையுங்கள்.

மாற்றிய பின் டீடெயில்ஸ் டேபைத் திறந்து தேதியைப் பாருங்கள். அந்தக் காலத்துக் கேமராக்களில் பேட்டரி மாற்றியதும் தேதி பழைய இடத்துக்கே ஓடிவிடும். 2000 ஜனவரி 1 என்று இருந்தால் நம்ப வேண்டாம். அன்று குறிஞ்சி பூக்கவில்லை! போல்டரின் பெயரில் சரியான ஆண்டையும், கூட வந்தவர்களைக் கேட்டு இடத்தையும் எழுதி வையுங்கள். 2006, 2018 என்று இரண்டு போல்டர்கள் தயாராக இருந்தால் 2030ல் அதே சரிவில் நின்று மூன்றாவதை எடுக்கலாம்.